எலும்புப் பை

எங்கள் உடற்கூறியல் துறையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. அட்டை கிழிந்து, காக்கித் தாள் ஒட்டி, ஃபார்மலின் வாடை ஏறிப்போன நோட்டு. டிசெக்‌ஷன் ஹால் அட்டெண்டர் வைத்திருந்தது. முதலாண்டு மாணவர்கள் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போய்ப் படிக்க மாட்டு எலும்புகளை அவர்தான் கொடுப்பார். வரிசை எண், பெயர், தலை 1, கீழ்த்தாடை 1, தோள்பட்டை 1, முன்னங்கால், பின்னங்கால், முதுகெலும்பு ஏழெட்டு என்று பென்சிலால் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு துணிப்பையில் போட்டுக் கொடுப்பார். கடைசிப் பத்தி, திருப்பிக் கொடுத்த தேதி.

மாணவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள், யார் தேறுகிறார்கள், யார் தேங்குகிறார்கள் என்று பணிக்காலம் முழுக்கப் பல கூட்டங்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஆய்வுக்கு வந்தவர்களிடம் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நோட்டின் கடைசிப் பத்தியிலிருந்து வந்ததுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்தது 1980-இல். தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதிய முதல் அணி நாங்கள். அப்போது மாநிலத்தில் கால்நடை மருத்துவம் படிக்க ஒரே இடம்தான். 1903-இல் தொடங்கிய, வேப்பேரியிலுள்ள சென்னைக் கல்லூரி. இரண்டாவது கல்லூரி நாமக்கல்லில் வர 1985 ஆயிற்று. இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் 1989-இல் இங்கே வந்தது. ஒரத்தநாடு, திருநெல்வேலி, அப்புறம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று அரசுக் கல்லூரிகள் இன்று ஏழு. எங்கள் வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் ஓய்வுபெறும்போது வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். "பொம்பளப் புள்ள மாட்டைப் புடிக்குமா?" என்று கேட்ட விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதே ஊர்களில் "அந்த டாக்டரம்மா எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள்.

1987-இல் உதவிப் பேராசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் என்னைப் போலக் கறாரான ஆசிரியர் கிடையாது என்று எனக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமை 1989-இல் ஒரு வைவாவில் முடிந்தது.

மேஜையில் ஒரு மாட்டின் கீழ்த்தாடையை வைத்திருந்தேன். நடுவில் நான்கு பெரிய பற்கள், இரண்டு ஓரத்திலும் சின்னப் பால் பற்கள். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன் எதிரே நின்றான். ஆங்கிலத்தில் கேட்டேன்: இந்த மாட்டின் வயதென்ன, எப்படிச் சொல்கிறாய்? அவன் தாடையைக் கையில் எடுத்தான். எடுத்த விதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பார்ப்பவர்கள் கட்டைவிரலை வைக்கிற இடத்தில் அவன் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "நாலு பல்லு சார். மூணு வயசு இருக்கும்."

சரியான பதில். பக்கத்தில் இருந்த இன்னொரு ஆசிரியர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். "இது மாட்டுச் சந்தை இல்லப்பா, இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். அவன் தாடையை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். அடுத்த இரண்டு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. மதிப்பெண் என்ன போட்டேன் என்று எழுத எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மூன்று நாள் கழித்து அவன் டிரங்குப் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வார்டனிடம் சொன்னதாகக் கேள்வி. அப்புறம் திரும்பவே இல்லை.

அட்டெண்டரிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார். திருப்பிக் கொடுத்த தேதி, வைவாவுக்கு நான்கு நாள் முன்னால்.

"எலும்பைத் திருப்பிக் குடுக்க நடுவுல ஒருத்தன் வந்துட்டான்னா, மனசுக்குள்ள பெட்டி கட்டிட்டான்னு அர்த்தம் சார்" என்றார். "படிக்கிறவன் கடைசிப் பரீட்சை முடிஞ்சும் குடுக்க மாட்டான். நாமதான் விரட்டி விரட்டி வாங்கணும்."

"அப்ப எதுக்குண்ணே வைவாவுக்கு வந்தான்?"

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கலாம்னு வந்திருப்பான்."

அதற்கு மேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை நோட்டை வாங்கிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. பை திரும்பி வந்திருந்தால் அந்தப் பையனைத் தேடிப் போவேன். முதலில் திட்டப் போகிறேன் என்று பயந்து ஒளிவார்கள். காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றில் பாடம் கடினம் என்பது அபூர்வம்.

ஒருவனுக்கு மெஸ் பாக்கி. பாக்கி வைத்தவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். சாப்பிடப் போக வெட்கப்பட்டு அறையிலேயே கிடந்தான். பட்டினியோடு வகுப்புக்கு வர முடியாமல் வருகைப் பதிவு குறைந்தது. வருகை குறைந்ததால் தேர்வு எழுத முடியாது என்ற கடிதம் வீட்டுக்குப் போனது. கடிதத்தில் பாக்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் காகிதங்களின்படி அவன் ஒழுங்கில்லாத மாணவன். இட்லி ஊற்றுகிற மெஸ் மாஸ்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். நாங்கள்தான் அவரைக் கேட்கவில்லை.

இன்னொருத்திக்கு ஃபார்மலின். பதனம் செய்த கன்றின் உடல் முன்னால் நின்றால் கண்ணில் நீர் கொட்டும், மூக்கு எரியும். எல்லோருக்கும் எரியும்தான். இவள் அதை அழுகை என்று மற்றவர்கள் நினைப்பதாக நினைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றுவிட்டாள். பின்வரிசையிலிருந்து நரம்பு தெரியாது, தசை தெரியாது. மூன்று மாதம் ஒன்றையும் பார்க்காமல் நின்றிருக்கிறாள். ஜன்னல் ஓர மேஜைக்கு மாற்றி, கத்தியை அவள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் தேறினாள்.

பெரும்பாலானவர்களுக்கு மொழி. முதல் வாரத்திலேயே ஃபொராமென், ஃபோசா, ட்யூபரோசிட்டி என்று வார்த்தைகள் கல் மாரி மாதிரி விழும். தமிழ்வழியில் படித்த பிள்ளை இதெல்லாம் ஆங்கிலம், கான்வென்ட் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் முக்கால்வாசி லத்தீனும் கிரேக்கமும். ஸ்டெர்னோசெஃபாலிகஸ் என்ற தசையின் பெயர் கான்வென்ட் பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் தெரியும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை தப்பாகச் சொல்லப் பயப்படாது. இந்தப் பிள்ளை சரியாகச் சொல்லவே பயப்படும்.

அதனால் முதல் வகுப்பை மாற்றினேன். ஆளுக்கு ஓர் எலும்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வேன்: "ஃபொராமென்னா ஓட்டை. ஃபோசான்னா குழி. ட்யூபரோசிட்டின்னா முண்டு. உன் எலும்புல ஓட்டை எத்தனை, குழி எத்தனை, முண்டு எத்தனை, எண்ணிச் சொல்லு." தமிழிலேயே எண்ணுவார்கள். அடுத்த வாரம் அந்த மூன்று வார்த்தையையும் அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். வைவாவில் முதல் கேள்விக்கு எந்த மொழியில் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன். இரண்டாவது கேள்வியிலிருந்து ஆங்கிலம். பாடத்தரம் போய்விடும் என்று துறைக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. மாட்டின் இதயத்துக்குள் எலும்பு உண்டு, குதிரைக்குப் பித்தப்பை கிடையாது என்பதெல்லாம் தமிழில் சொன்னாலும் உண்மைதானே என்று கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை.

தேர்வு முறைகள் என் காலத்தில் பலமுறை மாறின. டிரைமெஸ்டர், செமஸ்டர், பிறகு 2016-இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த விதிகளில் ஆண்டுத் தேர்வு. மொத்தம் ஐந்தரை வருஷம், அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர். பயிற்சியை ஒரு வருஷமாக்கியது நல்ல காரியம். ஆனால் ஆண்டு முறையில் ஒரு சிக்கல் உண்டு. செமஸ்டரில் பையன் சரிகிறான் என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். இதில் வருஷக் கடைசியில் பெரிதாக விழுவான். துணைத்தேர்விலும் போனால் வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அவனோடு சேர்ந்தவர்கள் இரண்டாமாண்டு போய்விடுவார்கள். இவன் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். ஹாஸ்டலில் அறை மாறும், சாப்பாட்டு மேஜை மாறும், நேற்றுவரை அண்ணா என்று கூப்பிட்டவர்கள் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். இந்த அவமானத்தைத் தாங்கி வருஷத்தைத் தாண்டியவர்கள் பிறகு நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. தாங்க முடியாதவர்கள் முதல் மாதத்திலேயே போவார்கள். எனவே அந்த முதல் மாதம் நான் எந்தக் கருத்தரங்குக்கும் போவதில்லை.

இன்னொரு வகைப் போக்கும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமை ஆகாது. கால்நடை மருத்துவத்துக்கு வருகிறவர்களில் பலர் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் வருகிறவர்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான், நானும் அப்படித்தான். முன்பெல்லாம் மருத்துவக் கலந்தாய்வின் அடுத்த சுற்று முடிந்ததும் ஒரே வாரத்தில் நான்கைந்து நாற்காலி காலியாகும். 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. எங்கள் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே தொடர்ந்தது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து நீட்டில் கைவிடப்பட்ட பிள்ளைகள் எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் நீட் கேள்வித் தொகுப்பை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். உடல் இங்கே, மனசு அடுத்த மே மாதத்தில்.

இவர்களுக்குப் புத்திமதி சொல்லிப் பிரயோஜனமில்லை என்று சீக்கிரமே கண்டுகொண்டேன். வேறொன்று செய்தோம். முதலாண்டு மாணவன் நோயுற்ற மாட்டை அருகில் நின்று பார்க்க அப்போதெல்லாம் வருஷங்கள் ஆகும். முதல் வருஷம் முழுக்க உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று செத்த உடலும் கண்ணாடிக் குழாயும்தான். மேலாண்மைப் பாடத்துக்குப் பண்ணைக்குப் போனால் ஆரோக்கியமான மாடுகள். அதனால் சனிக்கிழமைகளில் கிராமத்துக்குப் போகிற வண்டியில் முதலாண்டுப் பிள்ளைகள் மூன்று பேரை ஏற்றிக்கொள்ளச் சிகிச்சைத் துறை நண்பரைக் கேட்டேன். கயிறு பிடிக்க, வாளியில் தண்ணீர் கொண்டுவர. அவ்வளவுதான் வேலை.

ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். ஜெர்சிக் கலப்பு மாடு, மூன்றாவது ஈத்து, முந்தின நாள்தான் கன்று போட்டிருக்கிறது. தொழுவத்தில் படுத்த படுக்கை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துக் கிடக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பால் காய்ச்சல். பேரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடு குறைந்துவிடும். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்தெல்லாம் இறங்கி, ரத்தத்தில் கால்சியம் சரிந்து, தசை வேலை செய்யாமல் போகிறது. வீட்டுக்கார அம்மா மாட்டின் தலையருகே உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி நல்லா நின்னுச்சு சாமி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வந்த மூன்று பேரில் ஒருவன் நீட் புத்தகக்காரன். கால்சியம் பாட்டிலை உயர்த்திப் பிடிக்க அவனைத்தான் நிறுத்தினோம். நண்பர் கழுத்துப் பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ரத்தநாளம் கயிறு போல் எழும்பியது. "இந்தப் பள்ளத்துக்கு ரெண்டு கரை. என்னென்ன?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பெண், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்: "கீழ ஸ்டெர்னோசெஃபாலிகஸ். மேல பிரேக்கியோசெஃபாலிகஸ்." ஊசி நடுவில் இறங்கியது.

மருந்து மெதுவாகத்தான் போக வேண்டும். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். நண்பர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. பையனுக்குக் கை வலித்தது, மாற்றிப் பிடித்தான். பாதி பாட்டில் போனபோது மாட்டின் தொடைத் தசை லேசாக நடுங்கியது. பிறகு ஒரு பெரிய ஏப்பம். அந்த அம்மா "மாரியாத்தா" என்றார். பாட்டில் முடிந்து கொஞ்ச நேரத்தில் மாடு சாணி போட்டது, முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி எழுந்து நின்றது. நின்றதும் கன்று கட்டியிருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

திரும்பி வரும்போது வண்டியில் அந்தப் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ரத்தத்துல எவ்வளவு குறைஞ்சா சார் படுக்கும்?" உயிர்வேதியியல் வகுப்பில் அவன் வாயைத் திறந்ததே இல்லை என்று பிறகு அந்த ஆசிரியர் சொன்னார்.

அவன் இங்கேயே தங்கிவிட்டான் என்று எழுத ஆசைதான். அடுத்த வருஷம் அவனுக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்தது, போய்விட்டான். எலும்பு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படிப் போவது வேறு. அவன் ஓர் இடத்துக்குப் போனான். கழுத்துப் பள்ளத்தின் கரைகளைச் சொன்ன பெண் இங்கேயே முடித்து, இப்போது ஓர் அரசுக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவர். சனிக்கிழமை வண்டியில் இடம்பிடிக்கப் பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.

பிறகு மேலிருந்து வழிகாட்டி ஆசிரியர் திட்டம் வந்தது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் சில மாணவர்கள், மாதம் ஒரு சந்திப்பு, ஒரு படிவம். மதிப்பெண், வருகை, இதர திறமைகள் என்று கட்டங்கள். திட்டம் நல்ல திட்டம். ஆனால் மாதக் கடைசியில் ஒரே நாளில் எல்லாப் படிவமும் ஒரே பேனாவில் நிரம்பும். "பிரச்சினை ஏதும் இல்லை" என்று எல்லாப் படிவத்திலும் எழுதியிருந்த வருஷம் எங்கள் பக்கத்துத் துறையில் இருவர் நின்றுபோனார்கள். மாணவன் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் தன் கஷ்டத்தை எழுதமாட்டான். அட்டெண்டரிடம், மெஸ் மாஸ்டரிடம், பண்ணையில் பால் கறக்கிறவரிடம் சொல்வான். ஏனென்றால் அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை.

அட்டெண்டர் அண்ணன் ஓய்வுபெற்றபோது நோட்டை என்னிடம் கொடுத்தார். பிற்காலத்தில் எலும்பு கிடைப்பதே குறைந்தது. பிளாஸ்டிக் மாதிரிகளும், உடலுறுப்பைப் பதப்படுத்திக் காயவைத்த மாதிரிகளும், போனில் சுழற்றிப் பார்க்கிற படங்களும் வந்தன. ஃபார்மலின் எரிச்சல் இல்லை. ஹாஸ்டல் வராந்தாவில் காயவைத்த தொடை எலும்பைத் தெருநாய் தூக்கிக்கொண்டு ஓடுவதும், பனியனோடு பையன்கள் பின்னால் துரத்துவதும் இல்லை. கொரோனாவில் ஓர் அணி எலும்பைத் தொடாமலேயே போனில் உடற்கூறியல் படித்தது. திரும்பி வந்தபோது பெயர்கள் எல்லாம் ஒப்பித்தார்கள். இடது காலா வலது காலா என்று கேட்டால் திணறினார்கள். பழைய எலும்புகளைத் தூசி தட்டி, பை தைக்கச் சொல்லி, நோட்டை மறுபடி திறந்தேன்.

2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு எங்கள் படிப்புக்கும் வந்தது. கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றது. மெஸ் பாக்கிக்காக ஒளிந்துகொண்ட பையனை அன்று நினைத்துக்கொண்டேன். பணக் கதவு திறந்துவிட்டது. பயக் கதவு அப்படியேதான் இருந்தது.

நான் ஓய்வுபெற இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, அந்த ஒதுக்கீட்டில் வந்த ஒரு பெண் பையோடு என் அறைக்கு வந்தாள். வருஷ நடுவில். பையை மேஜைமேல் வைத்து, "எலும்பு சார்" என்றாள்.

நோட்டை எடுத்தேன். பேனாவை எடுக்கவில்லை. பையிலிருந்து கீழ்த்தாடையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதுக்கு என்ன வயசு?"

"தெரியாது சார்."

"வீட்ல மாடு உண்டா?"

"இல்ல சார். ஆடுதான்."

"ஆட்டுக்குப் பல் பாப்பாங்களா?"

"அப்பா பாப்பாரு."

"அப்பாவுக்குப் போன் போடு. ரெண்டு பல்லுக்கு என்ன வயசு, நாலு பல்லுக்கு என்ன வயசு, கேட்டுட்டு வா."

நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வராந்தாவுக்குப் போனாள். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. முதலில் ஒற்றை வார்த்தைகள். அப்புறம் "இல்லப்பா, சார்தான் கேக்கச் சொன்னாரு." அப்புறம் சிரிப்பு. கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் அப்பாவுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு வந்தாள். ரெண்டு பல்லு ஒன்றரை வருஷத்துக்குள், நாலு பல்லு ரெண்டு வருஷம் பக்கம், ஆறு பல்லு மூணுக்குள்ள, பெட்டைக்கும் கிடாய்க்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

"மாட்டுக்கு இதைவிட நாளாகும்" என்றேன். "எவ்வளவுன்னு புத்தகத்துல பாத்துட்டு, நாளைக்கு வந்து அப்பா சொன்னதையும் சேத்துச் சொல்லு."

பையை எடுத்துக்கொண்டு போனாள். ஓய்வுபெற்ற அன்று நோட்டை அடுத்து வந்த இளம் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவள் பெயருக்கு நேரே கடைசிப் பத்தி காலியாக இருந்தது. "இது விட்டுப்போச்சு சார்" என்று அவர் பேனாவைத் திறந்தார். காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.